இருபத்தேழாம் எண் மரம்

காலை ஆறரை மணிக்குப் பூங்கா மேற்பார்வையாளர் பதினோராவது மரத்தின் முன்னால் நின்று, கையிலிருந்த மரச்சுத்தியலால் மூன்று முறை தட்டினார். காதை மரத்தோடு ஒட்டி வைத்துக் கேட்டார். ஓர் அடி நகர்ந்து மறுபடியும் தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் சிரித்தார்கள். நான்காம் நாள் அவருக்கு ஒரு பெயரும் விழுந்துவிட்டது: டொக்டொக். அந்தப் பெயரை வைத்தவர் தபால்காரர்.

தபால்காரர் தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு வருவார். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, குளத்தை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, கடிதப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். ஒன்பது வருடமாக அதே பெஞ்சு. மேற்பார்வையாளர் இந்தப் பூங்காவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

"என்னண்ணே, உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார் தபால்காரர், மதியச் சுற்றில் சுத்தியலோடு வந்தவரைப் பார்த்து.

"சாப்பாட்டைப் பாரு தம்பி."

"நானும் வீடு வீடா தட்டுறவன்தான். நான் தட்டினா நாலு வீட்ல ஒரு வீடாவது திறக்குது. நீங்க பன்னண்டு நாளா தட்டுறீங்க. அதுவோ தூங்குமூஞ்சி மரம். அதையும் எழுப்பாம விட மாட்டீங்க போல."

மேற்பார்வையாளர் உதட்டளவில் சிரித்துவைத்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது இதுதான்: இந்தப் பூங்காவில் நிற்கும் நாற்பத்தொரு தூங்குமூஞ்சி மரங்களில் ஒன்று உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் விழலாம். எந்த மரம் என்று அவருக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதற்கு அவரே காரணம். இதை அவர் தன் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டரை மாதத்துக்கு முன்புவரை எந்த மரம் என்பது தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத் தகடு ஒன்று ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும். நகரம் முழுவதற்கும் ஒரே ஒரு மர ஆய்வாளர். அந்த அம்மா ஒருநாள் சுத்தியலும் அளவு டேப்புமாகப் பூங்காவுக்கு வந்தார். அன்றைக்கு மேற்பார்வையாளருக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். கைக்குக் கிடைத்த ஓர் ஆளைக் கூடமாட நிற்க விட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. இருபத்தேழாம் எண் மரத்தின் அடிப்பகுதி உள்ளே உளுத்துவிட்டது, வேரை ஒட்டிக் காளான் படர்ந்திருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்று மூன்றே வரி. மேற்பார்வையாளர் அதை முறைப்படி மேலே அனுப்பிவைத்தார். இருபத்தேழு எது என்று போய்ப் பார்க்கவில்லை. தகடு இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தார்.

ஒரு மாதம் கழிந்தது. நகரத்தின் சிறந்த பூங்காவைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. பூங்காத் துறையின் உதவி இயக்குநர் முந்தின நாளே வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா இது, மரமெல்லாம் சொறி பிடிச்ச மாதிரி நிக்குது. தகடு வேற துருப்பிடிச்சுத் தொங்குது. இடுப்பளவுக்கு வெள்ளை அடிச்சு, மேல ஒரு பச்சைப் பட்டை போடுங்க. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிருக்கணும்."

மறுநாள் காலையில் பெயின்டர் ஆட்களோடு வந்தார். தகடுகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டார்கள். மேற்பார்வையாளர் ஒரு கையில் போனும் மறு கையில் வரவேற்புப் பலகையுமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு மரத்துல அடியில காது காதா என்னமோ முளைச்சிருக்கு. அதுமேல பெயின்ட் நிக்காது" என்று தூரத்திலிருந்து குரல் கொடுத்தார் பெயின்டர்.

"சுரண்டிட்டு அடி."

குரல் வந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் ஒன்றரைக்கு வெள்ளை காய்ந்து, பச்சைப் பட்டையும் நூல் பிடித்தாற்போல் வந்துவிட்டது. தகடுகள் மட்டும் வாளியில் கிடந்தன.

"எது எந்த மரத்துது சார்?"

"எல்லா மரத்துலயும் ஒரு நம்பர் இருந்தா போதும். வர்றவங்க என்ன ஒவ்வொண்ணாவா படிக்கப் போறாங்க? அடிச்சு விடு, அப்புறம் மாத்திக்கலாம்."

அப்புறம் மாற்றவில்லை. குழுவுக்குப் பூங்கா பிடித்துப்போயிற்று. வரிசையாக நின்ற வெள்ளை மரங்களின் நடுவே அவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கேடயம் வந்தது. அதை நுழைவாயில் அறையில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். உதவி இயக்குநர் மேற்பார்வையாளரின் தோளைத் தட்டி, "உன் பேரை எழுதி அனுப்பிட்டேன்யா. இந்தத் தடவை நிரந்தர ஆணை வந்துரும்" என்றார். ஒன்பது வருடத் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வருமா வராதா என்று வாசலைப் பார்த்திருந்த ஒன்பது வருடம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மரத்தை அகற்றத் தலைமை அலுவலகத்தின் அனுமதி, ஆய்வாளரின் கடிதம் வந்து மூன்று மாதம் கழித்து வந்தது. மரம் அறுக்கும் ஆட்கள் லாரியோடு வந்து இறங்கினார்கள். மேற்பார்வையாளர் தகடுகளைப் பார்த்துக்கொண்டே போய், இருபத்தேழு என்று மாட்டியிருந்த மரத்தைக் காட்டினார். காட்டும்போது வாளி ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, பூங்காவைப் பெருக்கும் பெண் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"சார், இந்த மரம்..."

"ஏம்மா, உன் வேலை பெருக்குறது. ஓரமா நில்லு, மேல விழுந்துறப் போகுது."

அவள் ஓரமாகப் போய் நின்றாள்.

மரம் ஒன்றரை மணி நேரத்தில் சாய்ந்தது. அறுத்த மேஸ்திரி அடிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"சார், இதையா உளுத்த மரம்னு எழுதினாங்க? பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. என் ரம்பத்துல ரெண்டு பல்லு போச்சு. இன்னும் அம்பது வருஷம் நின்னிருக்கும் சார் இது."

வட்டமாக, ஈரமாக, விளிம்பு முதல் நடு வரை ஒரு பொட்டுக் குறையில்லாமல் இருந்தது அந்த மரத்தின் உள். மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். இன்னும் நாற்பத்தொரு மரங்கள். எல்லாம் இடுப்பளவுக்கு வெள்ளை, மேலே பச்சைப் பட்டை. தகடுகளை நம்ப முடியாது, வேறு எந்த அடையாளமும் இல்லை.

பெயின்டருக்குப் போன் செய்தார்.

"அன்னைக்குக் காது காதா முளைச்சிருக்குன்னு சொன்னியே, அது எந்த மரம்?"

"எப்படிச் சார் ஞாபகம் இருக்கும்? ஒரே நாள்ல நாப்பத்திரண்டு மரம் அடிச்சேன். எல்லாம் ஒண்ணு போலதான் இருந்துச்சு. அப்படித்தான இருக்கணும்னு சொன்னீங்க."

மர ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்த அம்மா வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார், இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். "எதுக்குக் கேக்குறீங்க? என்ன விஷயம்?" என்று எதிர்முனை கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை அச்சகத்தில் பைண்டிங் வேலை முடித்து வந்த மனைவி, அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கேட்டாள். அவர் சொன்னார். அவள் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆர்டர் எப்ப வருது?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துரும்னாங்க."

"இப்பப் போய்ச் சொன்னா?"

"நல்ல மரத்தை வெட்டினதுக்கு விளக்கம் கேப்பாங்க. தகட்டை மாத்தினது தெரியவரும். கேடயம் போகும். ஆர்டர் போகும்."

"அந்த அம்மா ரெண்டு மாசத்துக்குள்ளன்னுதான எழுதினாங்க. மூணு மாசம் நின்னுச்சு இல்ல? இன்னும் மூணு வாரம் நிக்காதா?" என்றாள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. "நீங்களே தட்டிப் பார்த்துக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா, புதுசா ஒரு மரம் கெட்டுப்போச்சுன்னு எழுதலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அப்படித்தான் சுத்தியல் வந்தது.

முதல் நாள் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சத்தம் இருப்பதாகத் தோன்றியது. மூன்றாம் நாள் எல்லா மரமும் ஒரே மாதிரி ஒலித்தது. ஐந்தாம் நாள் நல்லதென்று குறித்த மரம் ஏழாம் நாள் சந்தேகமாகப் பட்டது. அவர் அதற்குப் பயின்றவர் அல்ல. பயின்றவர் ஒருவர் இந்த நகரத்தில் இருந்தார், மூன்று வரி எழுதிவைத்துவிட்டுப் போனார். பூங்காவைப் பூட்டிவைக்க மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இருந்தது. வாசலில் ஒரு பலகை மாட்டினால் போதும். மாட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் தட்டினார். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால், அவர்கள் எழுந்து போகும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மழை வரும்போல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெருக்கும் பெண் இதையெல்லாம் பார்த்தாள். மரத்துக்கு மரம் போய்க் காது வைத்துக் கேட்கும் மனிதரைத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள். ஒருமுறை அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாற்போல் இருந்தது. "அங்க ரெண்டு இலை விட்டுப்போச்சு பாரு" என்றார் அவர். அவள் அந்த இலைகளைப் பெருக்கினாள்.

பதின்மூன்றாம் நாள் காலை, குளத்தை ஒட்டிய மரம் அவருக்கு வேறு மாதிரிக் கேட்டது. தட்டியதும் பொக்கென்று ஓர் ஒலி. நான்கு முறை தட்டினார். நான்கு முறையும் பொக். கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். அந்த மரத்தை ஒட்டினாற்போல் தரைக்கு அடியில் குளத்து வடிகால் குழாய் போவது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மேலே எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் பொறுத்து இன்னொருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். ஆனால் அந்த மரத்தின் கீழேதான் தபால்காரரின் பெஞ்சு. கயிறு எடுத்து வந்து பெஞ்சைச் சுற்றிக் கட்டினார். அறையில் கிடந்த 'ஈரப் பெயின்ட்' பலகையைத் தொங்கவிட்டார்.

பன்னிரண்டரைக்கு வந்த தபால்காரர் பலகையைப் பார்த்தார். பெஞ்சை விரலால் தொட்டார். விரலையும் பார்த்தார்.

"எங்கண்ணே ஈரம்? என் நாக்குதான் இதைவிட ஈரமா இருக்கு."

"சொன்னா கேளு தம்பி. இன்னைக்கு இங்க வேணாம். அதோ அந்தப் பக்கத்துப் பெஞ்சுல போய் உட்காரு. நல்ல நிழல்."

"அங்கயா? அந்த மரத்துக்கிட்ட உட்காராதேன்னு பெருக்குற அக்கா ஒருநாள் சொல்லுச்சு. பொந்துல இருந்து எறும்பு எறும்பா வருதாம்."

"பூங்கான்னா எறும்பு இருக்கத்தான் செய்யும். எறும்பு கடிச்சா செத்தா போயிருவே?"

"உங்க ஆர்டர் இன்னும் என் பைக்கே வந்து சேரல. அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே தபால்காரர் டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். தூரத்திலிருந்து டப்பா மூடியால் பெஞ்சை மூன்று முறை தட்டிக் காட்டினார். மேற்பார்வையாளர் இந்த முறை உண்மையாகவே சிரித்தார். பதின்மூன்று நாளுக்குப் பிறகு மனம் லேசாகி, தண்ணீர் குடிக்க அறைக்குள் போனார்.

காற்று இல்லை. வெயில் அசையாமல் நின்றது. முதலில் யாரோ புதுத்துணியைக் கிழிப்பதுபோல் நீளமாக ஒரு சத்தம். அவர் கையில் டம்ளரோடு திரும்புவதற்குள் தரை ஒருமுறை அதிர்ந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

மரம் வேரோடு சாயவில்லை. தரை மட்டத்தில் முறிந்திருந்தது. உள்ளே மரம் என்று எதுவும் இல்லை. தவிட்டு நிறத்தில் தூள் தூளாக ஏதோ கொட்டிக் கிடந்தது. அதில் எறும்புகள் ஓடின. சுற்றிலும் விரல் கனத்துக்கு மரப்பட்டை மட்டும் எஞ்சியிருந்தது. அந்தப் பட்டையின் வெள்ளையில் ஒரு கீறல் விழவில்லை. பச்சைப் பட்டை அப்படியே இருந்தது. தகட்டில் எட்டு என்று எழுதியிருந்தது.

கிளைகளை வெட்டி எடுத்துத் தபால்காரரை வெளியே கொண்டுவர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்தது. மருத்துவமனை வாசலில் இல்லை.

மூன்றாம் நாள் தபால்காரரின் மனைவி பூங்காவுக்கு வந்தாள். கூட யாரும் வரவில்லை. சாப்பாட்டு டப்பா இங்கே இருக்கிறதா என்று கேட்டாள். மேற்பார்வையாளர் அதைக் கழுவி, நசுங்கிய மூடியைத் தன்னால் முடிந்தவரை நிமிர்த்தி, அறையில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"குளத்துப் பக்கம்தான் உட்காருவேன்னு எப்பவும் சொல்வாரு. வாத்து ஒண்ணு வந்து சோறு கேக்கும்னு பிள்ளைங்ககிட்ட கதை சொல்வாரு. அன்னைக்கு ஏன் அங்க போனாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அவர் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலைம்மா" என்றார்.

எட்டாம் நாள் காலையில் புதிய தபால்காரர் ஒருவர் பதிவுத் தபால் கொண்டுவந்தார். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டினார். அவ்வளவுதான். கேலி எதுவும் இல்லை. உறையைப் பிரித்தால் நிரந்தர ஆணை. அதே நாள் பதினோரு மணிக்கு உதவி இயக்குநரின் அறையில் விசாரணை.

உதவி இயக்குநர் கெட்டவர் அல்ல. தபால்காரரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் கோப்பு சீக்கிரம் முடியவேண்டும் என்பதுதான். அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தரிடம், "பலத்த காற்றின் காரணமாக மரம் முறிந்து விழுந்தது. அப்படிப் போடுங்க" என்றார்.

எழுத்தர் தலையைத் தூக்கினார். "அன்னைக்குக் காத்து இருந்துச்சா சார்?"

"மரம் விழுந்திருக்கு இல்ல? காத்து இல்லாமயா விழும்? சாட்சி யாரு, அந்தப் பெருக்குற பொம்பளைதான? கூப்பிடுங்க. ஒரு கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது."

பெருக்கும் பெண் உள்ளே வந்து சுவரை ஒட்டி நின்றாள். மேற்பார்வையாளர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஆணை இருந்தது.

"ஏம்மா, அன்னைக்குக் காத்து அடிச்சுதா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் குவிச்சு வெச்ச குப்பை குவிச்ச இடத்துலயே இருந்துச்சு சார். ஒரு இலை நகரல. காத்து அடிச்சா எனக்குத்தான சார் முதல்ல தெரியும்? மறுபடி பெருக்கணுமே."

எழுத்தர் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை.

"அது இருபத்தேழாம் நம்பர் மரம் சார். எட்டு இல்ல. ஆய்வுக்கு வந்த அந்த அம்மாவுக்கு டேப் பிடிச்சவளே நான்தான். இந்தச் சார் என்னைத்தான கூட விட்டுட்டுப் போனாங்க. அடியில காளானைக் காட்டி, இது விழுற மரம், இங்க யாரையும் உட்கார விடாதேன்னு அந்த அம்மா எங்கிட்ட சொன்னாங்க. என்னால முடிஞ்ச மட்டும் ஆளுங்கள வேற இடத்துக்கு அனுப்பிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு நான் பின்வாசல்ல இருந்தேன்."

மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். "தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்ல வந்தேன் சார். ஓரமா நில்லுன்னீங்க. இது வேற காரணத்துக்கு வெட்டுறாங்க போல, அதையும் பின்னால வெட்டுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் நீங்க தினம் ரெண்டு வேளை மரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டீங்க. நாப்பத்தொரு மரத்தைக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

உதவி இயக்குநர், "சரிம்மா, நீ போ" என்றார். எழுத்தரிடம் திரும்பி, "அவ சொன்னதெல்லாம் வேணாம்" என்றார்.

"எழுதுங்க சார்" என்றார் மேற்பார்வையாளர். "அவ சொன்னதை எழுதுங்க. நான் சொல்றதையும் எழுதுங்க."

வாளியிலிருந்து ஆரம்பித்தார். காளானைச் சுரண்டச் சொன்னது, தகட்டை எது எதிலோ அடிக்கச் சொன்னது, நல்ல மரத்தை வெட்டிச் சாய்த்தது, வெட்டிய அன்றே தெரிந்தும் பதின்மூன்று நாள் வாயைத் திறக்காதது, ஈரமில்லாத பெஞ்சில் ஈரமென்று பலகை தொங்கவிட்டது, அந்நேரம் அங்கே இருந்த ஒரே மனிதனை அந்த மரத்தடிக்குத் தன் கையாலேயே காட்டி அனுப்பியது. ஒன்றையும் விடவில்லை.

"யோசிச்சுப் பேசுய்யா" என்றார் உதவி இயக்குநர் தணிந்த குரலில். "ஆர்டர் இன்னைக்குத்தான் வந்திருக்கு. காத்துன்னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவன் திரும்பவா வரப்போறான்?"

"வர மாட்டான் சார். ஆனா காத்துன்னு போட்டா, அடுத்த பூங்காவுலயும் நாளைக்கே வெள்ளை அடிப்பாங்க." அவர் பையிலிருந்த உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். "அவன் சம்சாரம் கேட்டதுக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேன் சார். அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

அன்று மாலையே போய்ச் சொன்னார். தபால்காரரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். தட்டவில்லை.

ஆணை ரத்தாயிற்று. வழக்கு நடக்கிறது. கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், கண்ணாடிச் சட்டம் மட்டும் வெறுமையாகத் தொங்குகிறது. வேலையிலிருந்து நீக்கப்படும்வரை அவருக்கு ஒரு வேலை இருந்தது, அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எஞ்சிய நாற்பது மரங்களின் பெயின்டையும் சுரண்டி எடுக்கும் வேலை. பெருக்கும் பெண் முன்னால் நடந்து மரத்தைக் காட்டினாள். எந்த மரம் காலத்துக்கு முந்தி இலை உதிர்க்கிறது, எதன் அடியில் காலையில் தூள் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்கு அடியில் இன்னும் இரண்டு மரங்களில் காளான் படர்ந்த தடம் இருந்தது. அவற்றைச் சுற்றி வேலி போட்டார்கள்.

நடக்க வந்த ஒருவர் நின்று, "நல்லா அழகாத்தானே இருந்துச்சு, இதை எதுக்குச் சுரண்டுறீங்க?" என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் சுரண்டும் கரண்டியை நிறுத்தினார். வெள்ளைத் தூள் அவர் இமையெல்லாம் படிந்திருந்தது.

"அழகா காட்டத்தான் சார் அடிச்சோம். அதோட நோயையும் சேர்த்து மறைச்சுட்டோம். மரத்தைப் பூசி வெக்கிறது பராமரிப்பு இல்ல சார். பாக்கணும். தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேக்கணும், அவங்க கையில துடைப்பம் இருந்தாலும். தப்பு நடந்துட்டா அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லணும். இது மூணையும் நான் செய்யல. ஒரு நல்ல மனுஷன் சோத்துல கை வெச்சபடியே போயிட்டான்."

வந்தவர் நகர்ந்து போய்விட்டார். பெருக்கும் பெண் உதிர்ந்து கிடந்த வெள்ளைச் சில்லுகளைக் கூட்டி ஒதுக்கினாள். மேற்பார்வையாளர் அடுத்த மரத்தின் முன்னால் போய் நின்று, கரண்டியைத் தூக்காமல் அவள் பக்கம் திரும்பினார்.

"இது எப்படிம்மா?"

"இது நல்லா இருக்கு சார்" என்றாள் அவள். "மெதுவா சுரண்டுங்க."